பாதி மேற்கோள்: துப்பாக்கி பற்றி ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

டெக்சாஸில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். ஹெச்-1பி விசா, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். போன மாதம் எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி திருடன் புகுந்துவிட்டான். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அலுவலக நண்பர் ஒருவர் துப்பாக்கிக் கடைக்கு அழைத்துப் போனார். அங்கே சுவரில் காந்தி படம்! ‘பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவுக்குச் செய்த தீமைகளிலேயே மிகக் கரியது ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய சட்டம்தான் என்று வரலாறு சொல்லும்’ என்று அவர் சொன்னதாகப் போட்டிருந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இந்தியாவின் ஆயுதச் சட்டம் இன்னும் அடிமைச் சட்டம்தானே? மக்கள் கையில் துப்பாக்கி இருந்தால் அரசாங்கம் பயந்து நடக்காதா? கடைசியாக, நான் ஒன்று வாங்கலாமா? பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் இருக்கிறான். அவன் பாதுகாப்புதான் எனக்கு முக்கியம்.

செ.

அன்புள்ள செ.,

பக்கத்து வீட்டில் திருடன் புகுந்தால் நம் வீட்டுக் கதவும் இரவெல்லாம் சத்தம் போடும். அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் கடிதத்தின் மற்ற பகுதிகளுக்குக் கொஞ்சம் திட்டு வாங்கத்தான் போகிறீர்கள்.

வேறொரு சமயமாக இருந்தால் இதைத் தள்ளி வைத்திருப்பேன். சில வாரங்களாகக் காந்தியின் 1918-ஆம் வருடத்தையே வாசித்துக்கொண்டிருக்கிறேன். கடைச் சுவரில் நீங்கள் பார்த்த அந்த வரி எழுதப்பட்ட வருடம் அது.

வரி பொய்யல்ல. காந்தி எழுதியதுதான், ‘சத்திய சோதனை’யில் அவரே எடுத்தும் காட்டுகிறார். ஆனால் போஸ்டர் அடித்தவர் முதல் வாக்கியத்தோடு கத்தரித்துவிட்டார். அதற்கு அடுத்து வருவதன் சாரம் இது: ஆயுதச் சட்டம் நீங்கவேண்டுமா, ஆயுதம் பழகவேண்டுமா, இதோ பொன்னான வாய்ப்பு. அரசுக்குச் சோதனை வந்திருக்கும் இந்த நேரத்தில் நடுத்தர வர்க்கத்தார் தாமாக முன்வந்து உதவினால் அவநம்பிக்கை தீரும், ஆயுதம் வைத்திருப்பதற்கான தடையும் விலகும்.

புரிகிறதா? அது பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் துண்டுப் பிரசுரம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்கு. ‘அரசாங்கத்தை எதிர்க்கத் துப்பாக்கி வேண்டும்’ என்கிறவர்கள் சுவரில் ஒட்டி வைத்திருப்பது, அரசாங்கத்தின் படையில் போய்ச் சேருங்கள் என்று சொன்ன நோட்டீஸின் பாதியை.

இதோடு விடமாட்டேன். ஏனென்றால் அந்த மாதங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை, காந்தி முழுக்கத் தோற்றுப்போன மாதங்கள். 1918 ஏப்ரலில் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு டெல்லியில் கூட்டிய போர் மாநாட்டில் கலந்துகொண்டு ஆள் சேர்ப்புக்கு ஆதரவு தந்துவிட்டு வருகிறார். பிறகு ஆள் சேர்க்க குஜராத்தின் கேடா மாவட்டத்துக்குப் போகிறார். அதே கேடாவில்தான் அந்த வருடம் வரிகொடா சத்தியாகிரகம் நடந்திருந்தது. அப்போது மாட்டு வண்டியைக் காசு வாங்காமல் கொடுத்தார்கள். ஒரு தொண்டர் கேட்டால் இரண்டு பேர் வந்தார்கள். இப்போது வாடகைக்குக்கூட வண்டி கிடைக்கவில்லை. வல்லபாய் படேலும் இவரும் மற்றவர்களும் நாளைக்கு இருபது மைல்போல நடக்கிறார்கள், உணவைத் தாங்களே பையில் சுமந்துகொண்டு. கூட்டம் போட்டால் விவசாயிகள் எழுந்து கேட்கிறார்கள்: அஹிம்சை பேசுகிற நீங்கள் எங்களை ஆயுதம் எடுக்கச் சொல்லலாமா? இந்த அரசாங்கம் நமக்கு என்ன நல்லது செய்துவிட்டது, நாம் உதவ?

அந்தக் கேடா விவசாயிகளைவிட நல்ல பதிலை யாரும் சொல்லிவிட முடியாது. காந்தி வேர்க்கடலை வெண்ணெயும் எலுமிச்சையும் தின்று அலைந்து, கடைசியில் வயிற்றுக்கடுப்பில் சாகக் கிடந்தார். நவம்பரில் போர் முடிந்தது. அவர் நம்பிய அந்த ‘அவநம்பிக்கை தீரும்’ வரவே இல்லை. 1919-இல் வந்தது ரௌலட் சட்டம், பிறகு ஜாலியன்வாலா பாக். போஸ்டர் அடித்தவருக்கு இந்தக் கதை வேண்டாம், ஒரு வழுக்கைத் தலையும் ஒரு வரியும் போதும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வியாபாரம் அவருக்கு. நீங்கள் படித்தவர். பெருமைப்படுவதற்கு முன்னால் அடுத்த வாக்கியத்தையும் வாசித்திருக்கலாம் அல்லவா?

சரி, அந்தச் சட்டத்துக்கு வருகிறேன். 1878, வைஸ்ராய் லிட்டன். அதே ஆண்டில்தான் இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைக்கவும் ஒரு சட்டம் போட்டார். பத்திரிகைச் சட்டம் சில வருடங்களில் போய்விட்டது. ஆயுதச் சட்டம் நின்றது, சுதந்திரம் வந்து பன்னிரண்டு வருடம் கழித்து 1959-இல் புதிய சட்டம் வரும்வரை. அதில் கசந்தது என்ன தெரியுமா? தடை என்பதுகூட அல்ல. ஐரோப்பியர்களுக்கு அது பொருந்தாது என்பது. அதே தெருவில் வெள்ளைக்காரர் கையை வீசிக்கொண்டு துப்பாக்கியோடு போகலாம், அவர் வேலை பார்க்கும் அலுவலகத்தின் இந்திய அதிகாரி லைசென்ஸ் கேட்டு மனு எழுதவேண்டும். 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் ஆயுதச் சட்டத்தை மாற்றக் கோரித் தீர்மானம் போட்டது. அதன் தொனி என்ன? விசுவாசமுள்ள குடிகளான எங்களைச் சந்தேகிப்பது எங்களுக்கு இழுக்கு என்பது. ‘எங்களையும் நம்புங்கள்.’ காந்தியின் 1918 நோட்டீஸும் அதே பாட்டுத்தான்.

எனக்குப் பல வருடமாக உள்ள எண்ணம் இது. துப்பாக்கிச் சட்டங்களை ‘உரிமை’, ‘கட்டுப்பாடு’ என்று இரண்டு கட்சியாகப் பிரித்துப் பேசுவது எனக்கு ஒட்டுவதில்லை. எந்த ஊர் சட்டமானாலும் அது முதலில் முடிவு செய்வது யார் கையில் இருக்கலாம், யார் கையில் கூடாது என்பதைத்தான். குடகர்களுக்கு மட்டும் இன்றும் லைசென்ஸ் விலக்கு இருக்கிறது, தெரியுமா? பிரிட்டிஷ்காரன் நம்பியவர்கள் பட்டியல் அது, நாமும் தொடர்கிறோம்.

என் தாய்மாமா வீட்டில் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. மலையடிவார ஊர், காட்டுப்பன்றி கடலைக் காட்டை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போய்விடும். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று வாங்கிய லைசென்ஸ். மாமா அதை வைத்து ஒரு பன்றியையும் சுட்டு நான் பார்த்ததில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பார். தேர்தல் அறிவித்துவிட்டால் ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டும் அல்லவா, அதற்குப் பழைய வேட்டியில் சுற்றி சைக்கிளில் கட்டி எடுத்துப் போவார். ரசீதை ரேஷன் கார்டு இருக்கும் தகரப் பெட்டியில் பத்திரமாக வைப்பார். ஊரில் நாலைந்து வீட்டில் இப்படி உண்டு, எல்லாம் நிலமுள்ள வீடுகள். இரவில் காட்டில் படுத்து உண்மையிலேயே பன்றியோடு மல்லுக்கட்டியவர் எங்கள் காவல்காரர். அவர் கையில் டார்ச் லைட், தட்டுவதற்கு ஒரு டின். ஒருமுறை தொடை கிழிந்து தையல் போட்டுக்கொண்டு வந்தார். ‘லைசென்ஸ் உங்கள் பெயரில் வாங்கக்கூடாதா’ என்று விவரமில்லாமல் கேட்டேன். ‘எனக்கு எவன் சாமி குடுப்பான்’ என்றார். மாமா பேச்சை மாற்றினார்.

உங்கள் நண்பருக்கு அவருடைய நாட்டின் கதை இதிலிருந்து வேறு என்று தோன்றலாம். அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம், 1791, மக்களின் ஆயுத உரிமை மீறப்படக்கூடாது. அழகாகத்தான் இருக்கிறது. 1857-இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் கறுப்பர்கள் குடிமக்களே அல்ல என்று தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி டேனி, அவர்களைக் குடிமக்கள் என்று ஒப்புக்கொண்டால் என்னென்ன விபரீதம் வரும் என்று ஒரு பட்டியல் போட்டார். எங்கே போனாலும் ஆயுதம் வைத்துக்கொள்ளலாம் என்பதும் அதில் ஒன்று. அடிமைமுறை ஒழிந்த 1865-லேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலையான கறுப்பர் அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. 1967-இல் கலிஃபோர்னியாவில் கறுஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பர் இயக்கத்தினர் தோட்டா போட்ட துப்பாக்கியோடு போலீஸின் பின்னாலேயே ரோந்து போனார்கள். சட்டப்படி அன்று அது குற்றமல்ல. உடனே பொது இடத்தில் அப்படிக் கொண்டுபோவதற்குத் தடை வந்தது. கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்டு ரீகன், ஆதரித்தது தேசிய ரைஃபிள் சங்கம். இதையும் அந்தக் கடைச் சுவரில் ஒட்டினால் நன்றாக இருக்கும்.

மார்ட்டின் லூதர் கிங்கையும் சொல்லவேண்டும். 1956 ஜனவரி 30, மான்ட்கோமரியில் அவர் வீட்டில் குண்டு வீசினார்கள். உள்ளே மனைவியும் கைக்குழந்தையும். கிங் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு மனுப் போட்டார். மறுத்துவிட்டார்கள். உங்கள் தெருவில் வந்தது திருடன். அவர் வீட்டுக்கு வந்தது கொலைகாரன், அவருக்கே இல்லை. ஆனாலும் வீட்டில் காவலுக்கு இருந்தவர்கள் துப்பாக்கி வைத்திருந்தார்கள். கிங்குக்கு அஹிம்சைப் போராட்டத்தில் ஆலோசகராக இருந்த பேயர்டு ரஸ்டின் ஒரு பத்திரிகையாளரோடு அந்த வீட்டுக்குப் போகிறார். பத்திரிகையாளர் நாற்காலியில் உட்காரப் போகிறார், அதில் கைத்துப்பாக்கி கிடக்கிறது. ரஸ்டின் சத்தம் போட்டுத் தடுக்கிறார். கொஞ்ச காலத்தில் கிங் அத்தனையையும் வீட்டைவிட்டு வெளியேற்றினார். எனக்கு இதில் பிடித்தது அஹிம்சையின் மகத்துவம் எல்லாம் அல்ல. அஹிம்சாவாதியின் வீட்டிலேயே எங்கே வைத்தோம் என்று கவனமில்லாமல் நாற்காலியில் கிடந்தது பாருங்கள், அது.

அரசாங்கம் பயப்படுமா என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாது. கவச வண்டியும் ட்ரோனும் வைத்திருக்கும் அரசு உங்கள் மேசை டிராயருக்கு நடுங்காது. பயப்படுகிறவர் நடுரோட்டில் காரை நிறுத்தும் போலீஸ்காரர். 2016 ஜூலையில் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில், பள்ளி உணவுக்கூடத்தில் வேலை பார்த்தவர், தன்னிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகத் தானே முன்வந்து சொன்னார். முறையான அனுமதியுள்ள துப்பாக்கி. சில நொடிகளில் ஏழு குண்டுகள். பின் சீட்டில் நாலு வயதுக் குழந்தை. சுட்டவரை மறு வருடம் நடுவர் குழு விடுதலை செய்தது. நம் நிறத்தைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியச் சட்டம் அடிமைச் சட்டமா? இல்லை. ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019-இல் இரண்டாகக் குறைத்தார்கள். மாமாவுக்கு ஒன்றே அதிகம்.

ஆமாம், உங்கள் கேள்வியை மறந்தே போனேன். வாங்கலாமா?

முதலில் அந்த நண்பரிடம் கேளுங்கள், ஹெச்-1பிக்காரருக்கு இதை யார் விற்பார்கள் என்று. கடையில் நிரப்பவேண்டிய 4473 என்கிற படிவம் உங்கள் விசா நிலையையும் கேட்கும். ஹெச்-1பி போலக் குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். சில விலக்குகள் உண்டு, வேட்டை லைசென்ஸ் எடுத்தவருக்கு ஒன்று. படிவத்தில் பொய் எழுதினால் அது தனிக் குற்றம், கிரீன் கார்டுக் கனவுக்கும் ஆபத்து. சுவரில் காந்தியைப் பார்த்துப் பெருமைப்பட்டீர்களே, அந்த ‘மக்கள்’ பட்டியலில் நீங்கள் இன்னும் சேரவில்லை. எங்கள் காவல்காரர் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். வக்கீலைக் கேட்காமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வழி இருந்தாலும் வேண்டாம் என்பேன். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தாங்களே உயிரை மாய்த்துக்கொண்டவர்கள். திருடனுக்கு என்று வாங்கி வைத்ததை வீட்டில் இருக்கும் யாராவது ஒரு மோசமான சாயங்காலத்தில் எடுத்துவிடுகிறார்கள். வேறு வழியில் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைத்து, அப்புறம் நன்றாக வாழ்ந்தும் விடுகிறார்கள். இதில் பிழைப்பவர் மிகச் சிலர். பத்தாம் வகுப்புப் பையனுக்கு மார்க், நண்பர்கள், காதல் என்று உலகம் நாளைக்கு மூன்று முறை முடிகிற வயது. அவன் பாதுகாப்புக்காக என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். நண்பர் சொன்னது இருக்கிறது, சுவர் சொன்னது இருக்கிறது. அவன் அம்மா என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. அவரிடம் கேட்டீர்களா, இல்லை வாங்கி வந்து காட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறீர்களா? அவரிடமும் பையனிடமும் பேசிவிட்டு மறுபடி எழுதுங்கள். அதற்குள் கதவுக்கு நல்ல பூட்டாக ஒன்று போட்டுவிடுங்கள்.