இரணைமடுவுக்கு ‘உட்பாய்ச்சல்’ வேண்டாம்

‘Influx’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக்குத் தண்ணீர் வருவதை ‘நீர்வரத்து’ என்றே எழுதுங்கள். “கனகராயன் ஆற்றில் வெள்ளம், இரணைமடுவுக்கு நீர்வரத்து கூடியிருக்கிறது” என்றால் கிளிநொச்சியில் எல்லாருக்கும் விளங்கும். ‘உட்பாய்ச்சல்’ அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் வைத்ததால் வந்திருக்கும். ‘வான் பாய்கிறது’ என்பதையும் இதற்குப் போட்டுவிடாதீர்கள், அது குளம் நிரம்பி மிச்சத் தண்ணீர் வெளியே போவது.

மக்கள் வருவதற்கும் அதே சொல்லா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. சந்தைக்கு நெல் வந்தால் வரத்து, கையில் காசு வந்தால் வரவு, ஆட்கள் வந்தால் வருகை. 1995-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்களை ‘இடம்பெயர்ந்து வந்த மக்கள்’ என்றுதான் எழுத வேண்டும். ‘படையெடுத்தார்கள்’ என்று அவர்களைப் பற்றி எழுதுவது கொடுமை, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த சனம் அது.

சந்தேகம் வந்தால் பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு ‘வந்து சேர்ந்தது’, ‘வந்து குவிந்தது’ என்று வினையாக எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

ஒன்று மட்டும் கவனம்: ‘வரத்து’ என்றால் வருவது, அவ்வளவுதான். நிறைய வந்தது என்று சொல்ல ‘பெருமளவு’, ‘கூடியது’ என்று ஏதாவது சேர்க்க வேண்டும்.