வெள்ளிக்கிழமைக் கிறிஸ்துமஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

குவைத்தில் அஹமதி பக்கம் ஒரு சைட்டில் வேலை பார்க்கிறேன். ஊர் கன்னியாகுமரி மாவட்டம். டிசம்பர் 25 இங்கே விடுமுறை கிடையாது, எனக்கு அன்று டூட்டி. அதனால் மறுநாள் வெள்ளிக்கிழமை முப்பது பேர் வண்டி பிடித்து, தெற்கே வஃப்ரா என்ற ஊரைத் தாண்டிப் பாலைவனத்தில் கூடாரம் போட்டோம். மலையாளிகள், கோவாக்காரர்கள், பிலிப்பினோக்கள், யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். பாதிப் பேர் கிறிஸ்தவர்களே இல்லை. பிரியாணி போட்டது ராமநாதபுரத்து பாய். கேரல் பாடினோம், கேக் வெட்டினோம். திரும்பும் வழியில்தான் மனசு கேட்டது: நாங்கள் கொண்டாடியது கிறிஸ்துமஸா, ஊர்க் கிறிஸ்துமஸின் நகலா? தேதி தப்பியது, நள்ளிரவு ஆராதனை இல்லை, குடும்பம் பக்கத்தில் இல்லை. இந்த மண்ணுக்கும் இந்தப் பண்டிகைக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மண்ணைக் கேட்டீர்கள், அதிலிருந்தே தொடங்குகிறேன். குவைத் நகருக்கு எதிரே கடலில் இருக்கிறது ஃபைலக்கா தீவு. அங்கே அல்-குசூர் என்ற இடத்தில் 1980களின் இறுதியில் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் ஒரு பழைய தேவாலயத்தைக் கண்டெடுத்தார்கள். சுதையில் செய்த சிலுவைகளும் கிடைத்தன. அபுதாபியின் சர் பனி யாஸ் தீவில் ஒரு மடாலயமே மண்ணுக்கடியில் இருந்து வந்தது. கேரளத்துப் பழைய கிறிஸ்தவர்களும் இந்த வளைகுடாக் கரையின் அந்நாளைய கிறிஸ்தவர்களும், பாரசீகத்தை மையமாகக் கொண்ட ஒரே கீழைச் சிரியத் திருச்சபையின் மக்கள். உங்கள் ஊருக்கு வடக்கே கொல்லத்தில், 849இல் தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துக்குக் கொடுத்த செப்பேட்டை எடுத்துப் பாருங்கள். வட்டெழுத்தில் சாசனம். சாட்சிக் கையெழுத்துகளோ அரபு, பஹ்லவி என்ற பழைய பாரசீகம், எபிரேயம் ஆகிய எழுத்துகளில். ஒரு தேவாலயத்துக்காக இஸ்லாமியரும் யூதரும் பார்சிகளும் சாட்சி நின்றிருக்கிறார்கள். உங்கள் கூடாரத்தில் பாய் பிரியாணி போட்டது அந்தக் கடல்வழிக்குப் புதிதல்ல.

தேதியைப் பற்றிக் கவலை வேண்டாம். நற்செய்தி நூல்களில் பிறந்த தேதி எங்கும் இல்லை. குவைத்திலேயே இருக்கும் ஆர்மீனியர்களுக்கு ஜனவரி 6, எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களுக்கு ஜனவரி 7. ஞாயிறு ஆராதனையையே வெள்ளிக்கு மாற்றிக்கொண்டு வாழும் சபைகள் அங்கே எத்தனையோ உண்டு.

நகல் என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஊரில் கத்தோலிக்கரின் ஆர்.சி. தெருவின் கேரல், புராட்டஸ்டன்ட்டுகளின் சி.எஸ்.ஐ. தெருவுக்குள் எத்தனை தடவை வந்திருக்கிறது? கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கொதிக்கிறது. ஊர்ப் பண்டிகையின் அச்சு அசலாக இருந்திருந்தால், உங்கள் கூடாரத்தில் முப்பது பேர் ஒரே சட்டியில் அள்ளித் தின்றிருக்கவே முடியாது. பக்கத்தில் உட்கார்ந்தவன் எந்தச் சபை, எந்தச் சாதி என்று அன்று யாராவது விசாரித்தார்களா? விசாரிக்கவில்லை என்றால், நீங்கள் கொண்டாடியதுதான் அசல். லீவில் ஊருக்கு வரும்போது இதை உங்கள் சபைக்குழுவில் எழுந்து நின்று சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

குடும்பம் இல்லாததற்கு என்னிடம் ஆறுதல் இல்லை, தம்பி. அது இழப்புதான். பிள்ளை புதுச்சட்டை போட்டதை வீடியோ காலில் பார்ப்பது பார்த்ததாகாது. அதைப் பெரிய வார்த்தைகளால் மூட நான் விரும்பவில்லை.

இன்னொன்று. வஃப்ராவைத் தாண்டிப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் ஆட்டுப் பட்டிகள் உண்டு. வீட்டுவேலை என்று சொல்லி அழைத்து வரப்பட்டு, ஆடும் ஒட்டகமும் மேய்க்கிற நம் ஆட்கள் அப்படிப்பட்ட இடங்களில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமையும் அவர்களுக்கு விடுப்பு கிடையாது. லூக்கா சொல்வதை நினைத்துப் பாருங்கள். பிறப்புச் செய்தி முதலில் போனது இரவில் வெட்டவெளியில் மந்தை காத்துக்கொண்டிருந்தவர்களிடம். கிறிஸ்துமஸ் நாடகத்தில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நாம் நடித்த அதே மேய்ப்பர்கள்.

அடுத்த டிசம்பரில் கூடாரம் போடும் முன் அவர்களைத் தேடிப் போங்கள். இந்துவா முஸ்லிமா என்று கேட்க வேண்டாம். சூடாகச் சாப்பாடு, தடித்த கம்பளி, போனுக்கு ரீசார்ஜ், இந்த மூன்றும் போதும். டிசம்பர் இரவில் அந்த வெளியில் குளிர் எலும்பைத் தொடும். பட்டி முதலாளியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கிளம்பிய பிறகு வம்பு அவர்கள் தலையில் விடியும்.

அன்புடன்.