பலா மேசையும் முதிரைக் கதவும்: ஓடாவியிடம் கேளுங்கள்

கேள்வி: குசினிக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவில் இருந்த சுவரை உடைத்து ஒன்றாக்கிவிட்டோம். 1978 சூறாவளியில் சரிந்த வளவுப் பலாவில் மாமா செய்வித்த மேசையும் கதிரைகளும் இருக்கின்றன. கதவுகளும் நிலைகளும் முதிரை. புதுப் பான்ட்ரி கபேர்ட்டைத் தேக்கில் அடிப்போம் என்கிறான் மகன். வேலைக்கு வந்தவரோ, “எல்லாத்துக்கும் மஹோகனி ஸ்டெய்ன் அடிச்சா ஒரே மாதிரி வந்திரும்” என்கிறார். மேசைக்கும் அடிக்கலாமா?
— வாசகி, கல்லடி

தங்கச்சி, முதலில் அந்த மேசையில் கை வைக்க விடாதீங்க. பலா அறுத்த புதிதில் மஞ்சளாகத்தான் இருக்கும். இப்போது உங்கள் மேசையில் இருக்கும் சிவந்த தவிட்டு நிறம் நாற்பது வருசத்துக்கு மேலாக வெளிச்சமும் காற்றும் பட்டு வந்தது. அதை எந்தக் கடையிலும் டின்னில் அடைத்து விற்க மாட்டார்கள்.

ஒரே ஸ்டெய்ன் அடித்தால் ஒரே நிறம் வரும் என்பதும் சரியில்லை. முதிரை இறுகிய மரம், சாயத்தை உள்ளே விடாது. நிறம் மேலோடு நிற்கும், கைப்பிடிக்குப் பக்கத்தில் கொஞ்ச நாளில் தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும். பலாவும் தேக்கும் துளை பெரிய மரங்கள், நன்றாகக் குடிக்கும். ஒரு டின்னை மூன்றுக்கும் அடித்தால் மூன்று நிறம் வரும். பிறகு முதிரையை இருட்டாக்க இன்னொரு கை, இன்னொரு கை என்று அடித்து, கடைசியில் நல்ல கதவைப் பெயின்ட் அடித்த பலகை மாதிரி ஆக்கிவிடுவார்கள்.

பலா, முதிரை, தேக்கு மூன்றும் மஞ்சளும் சிவப்பும் கலந்த சூட்டு நிறங்கள்தான், அடிப்படையில் ஒரே குடும்பம். அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் ஒரே முகம் இருக்க வேண்டியதில்லையே. சாம்பல் ஓடிய நிறம் ஒன்றைக் கொண்டு வந்து நடுவில் வைத்தால்தான் கரைச்சல். மகன் சொல்வது சரி. தேக்கில் அடியுங்கள், ஸ்டெய்ன் வேண்டாம். சீவின புதிதில் தேக்கு பச்சை ஓடி, கோடு கோடாய்த் திட்டுத் திட்டாய்த் தெரியும். அதைப் பார்த்துப் பதறி ஸ்டெய்ன் கேட்பவர்கள் நிறையப் பேர். சில கிழமை வெளிச்சம் பட்டால் தானாகப் பொன் நிறத்துக்கு வந்துவிடும்.

உண்மையில் கண்ணை உறுத்துவது நிறத்தை விட மினுக்கம்தான். கதவில் பளபள வார்னிஷ், மேசை மங்கல், கபேர்ட் கண்ணாடி போல என்றால் ஒரே மரமாக இருந்தாலும் ஒட்டாது. புதிதாய் அடிக்கும் எல்லாவற்றுக்கும் அரை மினுக்கம், அதாவது சாட்டின், என்று சொல்லிவிடுங்கள். கதவில் பழைய கிளொஸ் இருந்தால் மெல்லிய சாண்ட் பேப்பரால் உரசி, அதன் மேல் ஒரு கை சாட்டின் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று: தேக்குக் கபேர்ட்டை முதிரை நிலையோடு முட்ட விடாதீங்க. நடுவில் ஒரு சாண் வெள்ளைச் சுவரோ டைல்ஸோ வரட்டும். கிட்டத்தட்ட ஒரே நிறமான இரண்டு மரம் தொட்டுக்கொண்டு நின்றால், பொருத்தப் பார்த்துப் பொருந்தாமல் போனது போலத் தெரியும்.

பூச்சு விசயம். சிங்குக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் பொலியூரிதேன் போடுங்கள். எண்ணெய் வகை கொஞ்சம் மஞ்சள் காட்டும், உங்கள் பலாவோடு அது சேரும். தண்ணீர் வகை தெளிவாய் நிற்கும், பலாவுக்குப் பக்கத்தில் வெளிறித் தெரியும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. முதல் கை அடிப்பதற்குச் சற்று முன் தின்னர் துணியால் துடைக்காவிட்டால் நாள்கணக்கில் காயாமல் பிசுபிசுக்கும்.

மேசைக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க, அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். ஒட்டினால் அரக்குப் பொலிஷ். அதன் மேல் பொலியூரிதேன் அடிக்கச் சொல்லாதீங்க, அரக்கில் மெழுகு இருந்தால் பிடிக்காது, உரிந்து வரும். அரக்கையே புதுப்பிக்கலாம். சூட்டுச் சட்டி வைத்தால் வெள்ளை வளையம் விழும், அவ்வளவுதான், பன் பாய்த் துண்டொன்றைக் கீழே போட்டு வையுங்கள்.

முடிவு செய்ய முன் கழிவுத் துண்டொன்றுக்கு அதே சாண்ட் பேப்பர், அதே சீலர் (துளை அடைக்கும் முதல் பூச்சு), அதே இரண்டு கை பூசி, மேசைக்குப் பக்கத்தில் வையுங்கள். காலையிலும் பாருங்கள், இரவில் பல்பு வெளிச்சத்திலும் பாருங்கள். நம் வீடுகளில் 6500 கெல்வின் வெள்ளைப் பல்பு போடுகிறார்கள், அதன் கீழ் சிவப்பு மரம் செத்துப்போகும். சாப்பாட்டு மேசைக்கு மேலே 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சப் பல்பு ஒன்று மாட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கேள்வி: அண்ணன், எங்களிடம் முதிரைச் சாப்பாட்டு மேசை இருக்கு. பான்ட்ரிக்கு மெலமைன் பலகைதான் கட்டுப்படியாகும். கடையில் முதிரை நிறத்திலேயே பலகை காட்டுகிறார்கள். எடுக்கலாமா?
— வாசகர், சாய்ந்தமருது

வேண்டாம் தம்பி. பலகையில் அச்சடித்த மரம் நிறம் மாறாது, உங்கள் முதிரை மாறும். வாங்கிய அன்று பொருந்தினது பிறகு விலகும். கிரீமோ வெள்ளையோ எடுங்கள், அறையில் மரம் என்றால் மேசை ஒன்றே மரமாய் இருக்கட்டும். சிங்குக்குக் கீழே வரும் வெட்டு விளிம்புகளை நன்றாய் அடைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் போனால் உள்பலகை ஊதிவிடும், அதற்குப் பிறகு மருந்தில்லை.

கேள்வி: தை மாதம் மகளின் கலியாணம். மார்கழியில் லாக்கர் பூச்சு அடித்த கபேர்ட் எல்லாம் பால் ஊற்றினது போல வெளுத்துவிட்டது. உரித்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டுமா?
— வாசகர், அக்கரைப்பற்று

உரிக்க வேண்டாம். லாக்கரில் உள்ள தின்னர் வேகமாய்ப் பறக்கும்போது மேற்பரப்பு குளிரும். மாரிக் காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. வெயில் எறிக்கும் நாள் பார்த்து, பத்து மணிக்குப் பிறகு, மெதுவாய்க் காயும் ரிட்டார்டர் தின்னரை மெல்லியதாய் விசிறச் சொல்லுங்கள். பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஐப்பசி முதல் தை வரை நம் பக்கம் லாக்கர் வேலைக்கு ஆகாது. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஈரம் இல்லை, ஆனால் தூசி வந்து ஒட்டும், மத்தியானத்தில் அடித்தால் பரவ முன்பே காயும். விடியற்காலைதான் நல்லது. கச்சானில் இறுக்கமாய்ப் பொருத்திய கபேர்ட் கதவு மாரியில் ஊதித் திறக்காது என்பதையும் ஓடாவிக்கு இப்பவே ஞாபகப்படுத்துங்கள்.

கேள்வி: வளவில் நிற்கும் பலாவை அறுத்து மேசை செய்யலாமா?
— வாசகி, வாழைச்சேனை

செய்யலாம். பலா வெட்ட அனுமதி வேண்டும், கிராம சேவகரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்தில் எடுங்கள். அறுத்த பலகையை நிழலில், இடையிடையே சட்டம் வைத்து அடுக்குங்கள். இரண்டு தலைப்பிலும் பெயின்ட் பூசிவிடுங்கள், வெடிப்பு குறையும்.