சதுப்புக்கு விலை, மரத்துக்கு விலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு இவ்வளவு கோடி மதிப்பு என்கிறார்களே, யாரும் வாங்காத ஒன்றுக்கு எப்படி விலை போடுகிறார்கள்? (வேளச்சேரி வாசகர்)

சந்தையில் விலை இல்லாவிட்டாலும், அது செய்யும் வேலையை நாமே செய்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்கலாம். ஒரு ஹெக்டேர் சதுப்பில் அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 50 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் 400 லோடுக்கு மேல். 2022இல் ராம்சர் பட்டியலில் (சர்வதேச முக்கியத்துவமுள்ள சதுப்பு நிலங்களின் பட்டியல்) சேர்ந்த பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. இத்தனை நீரைத் தேக்க கான்கிரீட் தொட்டி கட்டினால் ஆகும் செலவு ஒரு கணக்கு. சதுப்பு இல்லாவிட்டால் உங்கள் தரைத்தளம், ஸ்கூட்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் மூழ்குவதால் வரும் நஷ்டம் இன்னொரு கணக்கு. இரண்டையும் கூட்டிவிடக் கூடாது. ஒரே தண்ணீரை இருமுறை எண்ணியதாகிவிடும். பெரிய தொகை சொல்லும் பல அறிக்கைகளை நான் சந்தேகத்தோடு படிப்பது இதனால்தான்.

இன்னொரு இடத்திலும் கண் வையுங்கள்: எதிர்காலப் பலனை இன்றைய மதிப்புக்கு மாற்றும் தள்ளுபடி விகிதம். முப்பது ஆண்டு கழித்து வரும் 100 ரூபாய் பலன், 10 சதவீதத் தள்ளுபடியில் இன்று 6 ரூபாய் கூடப் பெறாது. 3 சதவீதத்தில் 41 ரூபாய். சதுப்பு தோற்பதும் ஜெயிப்பதும் பெரும்பாலும் அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கும் இந்த ஒரு எண்ணால்தான். திட்ட அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் அதைத் தேடுங்கள்.

எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்காக ஒரு தூங்குமூஞ்சி மரத்தை வெட்டப் போகிறார்கள். பதிலுக்குப் பத்துக் கன்று நடுவார்களாம். கணக்கு சரியா? (மேற்கு மாம்பலம் வாசகி)

சரியில்லை. மேற்கு வங்கத்தில் ரயில்வே மேம்பாலங்களுக்காக மரம் வெட்டும் வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, 2021இல் வெளியான அறிக்கையில், ஒரு மரத்தின் மதிப்பை ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்று வைத்து வயதால் பெருக்கச் சொன்னது. அதன் பெரும்பகுதி ஆக்சிஜனுக்கான விலை. அது எனக்கு உடன்பாடில்லை. காற்றில் ஆக்சிஜனுக்குப் பஞ்சம் இல்லை, மே மாதத் தெருவில் நிழலுக்குத்தான் பஞ்சம். எப்படியானாலும், பத்துக் கன்றும் சேர்ந்து அந்த நிழலைத் தர இருபது ஆண்டாவது ஆகும், அதுவும் பிழைத்தால். கேட்க வேண்டியது: வடிகாலை இரண்டடி நகர்த்த ஆகும் கூடுதல் செலவு எவ்வளவு? பெரும்பாலும் அந்தக் கணக்கையே யாரும் போட்டிருக்க மாட்டார்கள். மரத்தை விட்டுவிட்டுப் பக்க வேரை வெட்டிச் சென்றாலும் ஆபத்துதான். அடுத்த புயலில் அது கார் மீது சாயும்.

விலை போட்டுவிட்டால், "இந்தா பணம்" என்று கொடுத்துவிட்டு ஆற்றை எடுத்துக்கொள்ள மாட்டார்களா? (எண்ணூர் வாசகர்)

உங்கள் பயம் நியாயமானது. காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றினால் கட்ட வேண்டிய நிகர மதிப்பை 2008இல் உச்ச நீதிமன்றம் ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை நிர்ணயித்தது. காட்டைக் காப்பாற்றத்தான் அந்தத் தொகை. நடைமுறையில் அது திட்டச் செலவுப் பட்டியலில் இன்னொரு செலவாகிவிட்டது. பணமும் மரம் நடும் நிதிக்குத்தான் போகிறது. அந்தக் காட்டில் தேனெடுத்தவர் வீட்டுக்கு வருவதில்லை.

எனவே வரிசை முக்கியம். எதைத் தொடவே கூடாது என்பதை முதலில் வரைபடத்தில் கோடு போட்டுப் பூட்ட வேண்டும். கழிமுகமும் அலையாத்திக் காடும் அந்தக் கோட்டுக்குள் வர வேண்டும். மிச்சத்துக்குத்தான் விலைக் கணக்கு. அந்தக் கணக்கிலும் மொத்தத் தொகையை மட்டும் எழுதினால் போதாது. முகத்துவாரத்தில் கையால் இறால் பிடிப்பவரின் இழப்பு மாநில வருமானத்தில் ஒரு துளி, அவர் வீட்டிலோ அதுதான் முழு வருமானம். யாருக்குப் பலன், யாருக்கு நஷ்டம் என்று இரண்டு பத்தி இல்லாத மதிப்பீட்டை ஏற்க மறுத்துவிடுங்கள்.

கடல்நீரையே குடிநீராக்குகிறோம். இனி ஏரி எதற்கு? (ஓ.எம்.ஆர். வாசகர்)

மீஞ்சூர் ஆலை 2010இலும் நெம்மேலி ஆலை 2013இலும் வந்தன. தலா நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன். 2019இல் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டபோது இந்த ஆலைகள் இல்லாவிட்டால் திண்டாட்டம் இன்னும் கூடியிருக்கும். ஆனால் ஆலை டிசம்பர் வெள்ளத்தைத் தாங்காது, உங்கள் போர்வெல்லை நிரப்பாது, மின்கட்டணம் இல்லாமல் ஓடாது. ஏரிக்குக் கரையும் மதகும் கலங்கலும் சரியாக இருந்தால் போதும்.

இதையெல்லாம் வார்டு அளவில் எங்கே பேசுவது? (குரோம்பேட்டை வாசகி)

வார்டு மக்கள் கூடும் பகுதி சபாக் கூட்டத்தில் பேசலாம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் மூன்றாம் முழுமைத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்கும்போது எழுத்தில் கொடுக்கலாம். வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் குளத்தின் சர்வே எண்ணுக்கு 'அ' பதிவேட்டு (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) நகலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நீர்நிலைப் புறம்போக்கு என்றில்லாமல் தரிசு என்று இருந்தால், அதை மாற்றக் கேட்கும் மனுவை அன்றே கொடுத்து ரசீது வாங்குங்கள். மதிப்பீடெல்லாம் அதற்கு அப்புறம்.