கொப்பியில் ஏறாத ஆங்கிலம்

கேள்வி: கிராமப்புறப் பாடசாலையொன்றில் தரம் 2 கற்பிக்கிறேன். முதல் இரண்டு தரங்களிலும் ஆங்கிலம் பேச்சளவில் இருந்தால் போதும் என்கிறது ஆசிரியர் வழிகாட்டி. பெற்றோரோ கொப்பியில் ஏ, பி, சி கூட இல்லையே என்று அதிபரிடம் முறையிடுகிறார்கள். எனக்கும் ஆங்கிலம் சரளமாக வராது. என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, வவுனியா

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

பெற்றோரின் முறைப்பாட்டுக்காக எழுத்துப் பயிற்சிக்குத் தாவிவிடாதீர்கள். 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி மறு ஆண்டு நாடெங்கும் விரிந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், இவ்விரு தரங்களிலும் வகுப்பாசிரியரே அன்றாடச் செயற்பாடுகளினூடாக ஆங்கிலத்தைப் பேசிப் பழக்க வேண்டும் என்று வகுத்தது காரணத்தோடுதான். தமிழ் எழுத்துகளையே இன்னும் கூட்டி வாசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஆங்கில வாசிப்பும் எழுத்தும் தரம் 3இல் முறையாகத் தொடங்கத்தான் போகின்றன. ஏற்கெனவே காதில் பழகிய சொல்லை அப்போது எழுத்தில் காண்பது அதற்கு எவ்வளவோ இலகு.

உங்கள் தயக்கம்தான் இதைவிடப் பெரிய விடயம். பேச்சையே நம்பி வகுத்த பாடத்திட்டத்தைப் பேசக் கூசும் ஆசிரியர்களிடம் ஒப்படைத்துவிட்டு, போதிய பயிற்சி தராமல் விட்டது நம் கல்வி நிர்வாகத்தின் குறை என்பேன். ஆயினும், அந்தப் பாடத்திட்டம் உங்களிடம் சொற்பொழிவைக் கேட்கவில்லை. 'புட் த புக் அண்டர் த செயார்' என்று சொல்லி, ஒரு பிள்ளையை எழுந்துவந்து புத்தகத்தைக் கதிரையின் கீழ் வைக்கச் செய்யுங்கள். மறுநாள் அதே பிள்ளை இன்னொருவருக்குச் சொல்லட்டும். அதன் பிறகு 'அண்டர்' போய் 'ஒன்' வரட்டும். வகுப்பே சேர்ந்து உரத்துச் சொல்வது கேட்க நன்றாயிருக்கும், ஆனால் யாருக்கு விளங்கியது, யார் வாயை மட்டும் அசைத்தார் என்பது தெரியவே தெரியாது. உச்சரிப்பில் ஐயமுள்ள சொற்களைத் தரம் 3 ஆங்கில ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் விளக்கவுரை வேண்டாம். வழிகாட்டியின் உரிய பக்கத்தை முதலில் அதிபரிடம் காட்டி இணக்கம் பெற்று, பெற்றோர் முன்னிலையில் பிள்ளைகளைக் கொண்டே ஒருவருக்கொருவர் இவ்வாறு சொல்லிச் செய்துகாட்ட விடுங்கள். அந்த ஆங்கில ஆசிரியரும் அங்கே இருப்பது நல்லது. எழுத்து எப்போது என்று யாராவது கேட்டால் விடைசொல்லப் பொருத்தமானவர் அவரே.