வியர்க்காமல் போய்ச் சேருங்கள்: விஸ்கான்சின் மான் வேட்டைக்கு உடம்பும் உடுப்பும் – கேள்வி-பதில்

விஸ்கான்சினில் துப்பாக்கி மான் வேட்டை, தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பர் நான்காவது வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி 9 நாள் நடக்கும். செப்டம்பர் வந்தாலே கேள்விகளும் வரத் தொடங்கிவிடும். துப்பாக்கி, தோட்டா பற்றியவற்றை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இந்த முறை உடம்பும் உடுப்பும் மட்டும்.

கே: வயது 46, ஐ.டி. வேலை, நாள் முழுக்க நாற்காலி. ஆபீஸ் நண்பர்கள் இந்த வருடம் வடக்கே கேம்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஹன்டர் எஜுகேஷன் வகுப்பும் முடித்துவிட்டேன். "சும்மா உட்கார்ந்திருக்கப் போறோம், இதுக்கு எதுக்கு எக்சர்சைஸ்?" என்கிறார்கள். சரிதானா? – மேடிசன் வாசகர்

ப: உட்கார்ந்திருப்பது உண்மைதான். அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது என்பதை அவர்கள் சொல்லவில்லை. விடியும் முன் இருட்டில், துப்பாக்கியும் பையுமாகச் சேற்றிலோ பனியிலோ நடக்க வேண்டும். அப்புறம் மணிக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். திடீரென்று மான் வந்து நிற்கும்போது நெஞ்சு படபடக்கும். சுட்டு விழுந்துவிட்டால் அதை வண்டிவரை இழுத்து வர வேண்டும். வளர்ந்த ஆண் மான் ஒன்று, குடல் எடுத்த பிறகும் 60 கிலோவைத் தாண்டுவது சகஜம். போதாததற்குக் குளிர் ரத்தக்குழாய்களைச் சுருக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும்.

மிச்சிகனில் நடுவயது வேட்டைக்காரர்களுக்கு இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியை மாட்டி ஆராய்ந்திருக்கிறார்கள். டிரெட்மில் பரிசோதனையில் எட்டிய உச்சத்தையும் சிலருடைய துடிப்பு காட்டில் தாண்டியது. தெற்காசியர்களான நமக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில வருடம் முன்னதாகவே வரும் ஆபத்தும் இருக்கிறது. அதனால் உங்கள் முதல் வேலை டாக்டரைப் பார்ப்பது. சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் ஏதாவது இருந்தால், ஸ்ட்ரெஸ் டெஸ்ட் தேவையா என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

அவர் சரி என்றபின் 10 வாரம் ஒதுக்குங்கள். முதல் மூன்று வாரம் வெறும் நடை போதும்: வாரத்தில் 4 நாள், 40 நிமிடம். அப்புறம் முதுகுப் பையில் 10 பவுண்டு அரிசிப் பையைப் போட்டுக்கொண்டு நடங்கள். உடம்பு பழகப் பழக எடையைக் கூட்டலாம். பக்கத்தில் மேடு இல்லை என்றால் ஆபீஸ் மாடிப்படி இருக்கிறது. வாரம் இரண்டு நாள் ஸ்குவாட், லஞ்ஜ் (ஒரு காலை முன்னே வைத்து முட்டி மடக்கி எழுவது), படி ஏறி இறங்குதல் செய்யுங்கள். கடைசி மாதம் ஒரு பழைய டயரில் கயிறு கட்டிப் புல்தரையில் இழுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். மான் இழுக்க இதைவிட நேரடியான பயிற்சி எந்த ஜிம்மிலும் கிடையாது. சீசனுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவசர அவசரமாக ஆரம்பிப்பதுதான் வேண்டாத வேலை. முட்டிவலியோடு காட்டுக்குப் போவீர்கள்.

கே: போன வருடம் பருத்தி பனியன், இரண்டு சட்டை, ஜீன்ஸ், அதன்மேல் இறகு அடைத்த பெரிய டௌன் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போனேன். காலை 8 மணிக்கே பல் தந்தியடித்தது. இந்த வருடம் இன்னும் எத்தனை அடுக்கு போட வேண்டும்? – கிரீன் பே வாசகர்

ப: ஒன்றும் கூட்ட வேண்டாம். நீங்கள் நடுங்கியது உடை குறைந்ததால் இருக்காது, நனைந்ததால் இருக்கும். அவ்வளவையும் மாட்டிக்கொண்டு முக்கால் மைல் நடந்தால் உள்ளே வியர்த்துக் கொட்டும். பருத்தி அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். உட்கார்ந்ததும் உடம்பில் சூடு உண்டாவது குறையும், ஈரமோ போகாது. நம் ஊர் வெயிலுக்குப் பருத்திதான் உசத்தி. இங்கே நவம்பரில் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், உள்ளாடை உட்பட.

தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல் போடுங்கள். நடுவில் ஃபிளீஸோ கம்பளி ஸ்வெட்டரோ இருக்கட்டும். வெளியே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். ஆனால் மூன்றையும் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். தெர்மல், மெல்லிய ஃபிளீஸ், மேலே ஆரஞ்சு வெஸ்ட் போதும். ஜாக்கெட் பையில் இருக்கட்டும். வண்டியைவிட்டு இறங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் அதிகம் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மெதுவாக நடங்கள், சூடு ஏறினால் தொப்பியைக் கழற்றுங்கள். இடத்துக்குப் போனதும் சில நிமிடம் ஆறவிட்டு, உள்சட்டை ஈரமாக இருந்தால் மாற்று தெர்மலைப் போட்டுக்கொண்டு, குளிர் தெரிய ஆரம்பிக்கும் முன்பே ஜாக்கெட்டை மாட்டிவிடுங்கள்.

டௌன் ஜாக்கெட் மோசமில்லை. காய்ந்த குளிரில் அதற்கு இணை இல்லை. ஈரப்பனி பெய்யும் நாளில்தான் நனைந்து ஒட்டிப்போய்ப் பயனற்றதாகிவிடும். இன்னொன்று: கடையில் ஜாக்கெட் வாங்கும்போது அதன் இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று உரசிப் பாருங்கள். சரசரவென்று சத்தம் வந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். பனிக்காலைக் காட்டில் மானுக்கு அந்தச் சத்தம் நன்றாகவே கேட்கும்.

கே: இப்படிப் பளீரென்று ஆரஞ்சு போட்டால் மான் பார்த்து ஓடிவிடாதா? – மில்வாக்கி வாசகர்

ப: ஓடாது. மானின் கண்ணில் நிறமறியும் கூம்பு செல்கள் இரண்டு வகைதான், நமக்கு மூன்று. சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு மங்கிய ஒரு நிறமாகத்தான் தெரியும். மாறாக, நீல நிறம் அதற்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஜீன்ஸ் வேண்டாம் என்பதற்கு இது இரண்டாவது காரணம். நிறத்தைவிட அசைவும் வாசனையும்தான் உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

ஆரஞ்சு மானுக்காக அல்ல, துப்பாக்கி வைத்திருக்கும் மற்ற மனிதர்களுக்காக. விஸ்கான்சின் சட்டப்படி இடுப்புக்கு மேலே வெளியுடையில் குறைந்தது 50 சதவீதம் ஆரஞ்சாகவோ, 2016 முதல் அனுமதிக்கப்பட்ட ஒளிர் பிங்க்காகவோ இருக்க வேண்டும். தொப்பி போட்டால் அதிலும் பாதி அந்த நிறம் வேண்டும். வேறு மாநிலத்துக்குப் போனால் அங்கத்து விதியைத் தனியாகப் பாருங்கள். பென்சில்வேனியாவில் சதவீதமே பேசுவதில்லை, தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் என்று கணக்கு. பலரும் மறப்பது முதுகுப் பையை. அது வெஸ்ட்டை மறைத்துவிடும், பைமேலும் ஓர் ஆரஞ்சுத் துணி கட்டுங்கள். வெளுத்துப்போன பழைய வெஸ்ட்டைத் தூக்கிப் போடுங்கள்.

கே: வேட்டை உடுப்பை வீட்டுச் சோப்புத்தூளிலேயே துவைக்கலாமா?

ப: வேண்டாம். "பளிச்சென்ற வெண்மை" தரும் தூள்களில் உள்ள பொருள் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக ஒளிரும், மானின் கண் நன்றாகப் பார்க்கும் பக்கம் அதுதான். வெண்மையூட்டியும் வாசனையும் இல்லாத திரவம் வாங்குங்கள். சாம்பார் தாளிக்கும் நாளில் ஜாக்கெட்டை அடுப்படிப் பக்கம் மாட்டாதீர்கள்.

கே: கால்விரல்தான் பிரச்சினை. 1000 கிராம் இன்சுலேஷன் பூட்ஸ், மூன்று ஜோடி சாக்ஸ், உள்ளே சூட்டுப் பொட்டலம், அப்படியும் மரத்துப்போகிறது. – வாசா வாசகர்

ப: மூன்று ஜோடி சாக்ஸ்தான் காரணம். பூட்ஸ் இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், சூட்டைக் காலுக்குக் கொண்டுவருவதே ரத்தம்தானே. மெல்லிய உள்சாக்ஸ் ஒன்று, தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்று போதும், உள்ளே விரல் தாராளமாக அசைய வேண்டும். தேவைப்பட்டால் பூட்ஸை அரை அளவு பெரிதாக வாங்குங்கள். சூட்டுப் பொட்டலம் காற்றிலுள்ள ஆக்சிஜனால்தான் சூடாகிறது, இறுகிய பூட்ஸுக்குள் அது அணைந்துவிடும். நடந்து வந்த சாக்ஸ் வியர்வையில் ஈரமாகியிருக்கும், உட்காரும் முன் அதை மாற்றுங்கள்.

கே: பெண்களுக்கான அளவில் உடை கிடைப்பது கஷ்டம். கணவரின் பிப் ஓவரால்ஸை (மார்புவரை வரும், தோள்பட்டி வைத்த பேன்ட்) போட்டுக்கொண்டு மரத்தில் கட்டிய ஸ்டாண்டில் ஏறலாமா? – ஆப்பிள்டன் வாசகி

ப: தொளதொள உடையோடு ஏறவே ஏறாதீர்கள், கம்பியில் மாட்டும். இயற்கை உபாதைக்கும் அது பெரிய தொல்லை. முழுக்கக் கழற்ற வேண்டியிருக்கும் என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. பின்பக்கம் ஜிப் வைத்துப் பெண்களுக்கென்றே தைத்த பிப் வருகிறது. அது கிடைக்காவிட்டால் பேன்ட், ஜாக்கெட் எனத் தனித்தனியாக வாங்குங்கள்.

ஸ்டாண்டில் ஏறும் வேட்டைக்காரர்களுக்கு விழுவதுதான் பெரிய ஆபத்து. விழாமல் தாங்கும் முழு உடல் வார்ப்பட்டையான ஹார்னஸை, அன்று போடப்போகும் தடித்த உடையோடு வீட்டிலேயே மாட்டி வாரை அளவெடுத்துக்கொள்ளுங்கள். தரையைவிட்டுக் கால் எடுக்கும்போதே அது மரத்தோடு இணைந்திருக்க வேண்டும். தோட்டா எடுத்த துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி அப்புறமாக மேலே தூக்குங்கள்.

கே: வயது 61, ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. மனசு கேட்கவில்லை. போகலாமா?

ப: அதை உங்கள் இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். "வேட்டைக்குப் போகிறேன்" என்று மட்டும் சொல்லாமல், பனியில் நடப்பதையும் 60 கிலோவை இழுப்பதையும் அவரிடம் விவரமாகச் சொல்லுங்கள். அவர் அனுமதித்தாலும் இழுக்கும் வேலை உங்களுக்கு வேண்டாம், இளசுகளிடம் விட்டுவிடுங்கள். பனி இருந்தால் பிளாஸ்டிக் ஸ்லெட், இல்லாவிட்டால் சக்கர வண்டி. எங்கே உட்காரப் போகிறீர்கள் என்பதைக் கேம்பில் ஒருவருக்குத் தெரிவியுங்கள். போனை உள்பாக்கெட்டில் வையுங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். நெஞ்சிலோ தாடையிலோ கையிலோ அழுத்தம் தெரிந்தால் மானை மறந்துவிட்டு 911.

கே: நவம்பரிலும் உண்ணி கடிக்குமா?

ப: கடிக்கும். உறைநிலைக்கு மேலே போகும் நாட்களில் வளர்ந்த மான் உண்ணிகள் நடமாடும், லைம் நோயை அவையும் பரப்பும். 0.5 சதவீத பெர்மெத்ரின் மருந்தை உடையில் மட்டும் தெளித்துக் காயவிடுங்கள், தோலில் படக்கூடாது. வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும்வரை அண்டவிடாதீர்கள், அதற்கு அது விஷம்.

கே: விடியற்காலையில் ஒரு பெக் போட்டால் குளிருக்கு இதம் என்கிறார்களே?

ப: தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடான மாதிரி தெரியும். உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். கையில் துப்பாக்கி வேறு. பிளாஸ்கில் இஞ்சி டீ கொண்டு போங்கள். ராத்திரி துப்பாக்கிகள் பூட்டி வைத்தபின் உங்கள் இஷ்டம்.