ஸ்டாடிக் ஐபி வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டில் அப்பத்தா மட்டும் இருக்கிறார். முகப்பு, வளவு, பின்கட்டு என்று ஆறு கேமரா போட்டிருக்கிறோம். சிங்கப்பூரிலிருந்து போனில் பார்ப்பேன். இரண்டு மாதமாகப் படமே வருவதில்லை. காரைக்குடியில் இருக்கும் தம்பி போய், வீட்டு வைஃபையில் பார்த்தால் நன்றாகத் தெரிகிறதாம். கேமரா போட்டவர், "ஸ்டாடிக் ஐபி வாங்கணும், வருடத்துக்கு ஆறாயிரம்" என்கிறார். வேறு வழி இல்லையா?

பதில்: பணத்தை அனுப்பாதீர்கள். வீட்டுக்குள் படம் தெரிகிறது என்றால் கேமரா, வயர், படத்தைப் பதிந்து வைக்கும் ரெக்கார்டர் பெட்டி எல்லாம் சரி. கோளாறு இணைய முகவரியில், அதாவது ஐபியில். உங்களுக்கென்று மாறாமல் இருக்கும் தனி முகவரிதான் ஸ்டாடிக் ஐபி.

உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரிவது ஒரே கதவிலக்கம்தான். உள்ளே வளவைச் சுற்றி எத்தனையோ அறை, எத்தனையோ புள்ளி, அதாவது குடும்பம். ரங்கூனிலிருந்து கடுதாசி வந்தால் தபால்காரர் முகப்போடு நின்றுவிடுவார். யாருடையது என்று பார்த்து உள்ளே சேர்ப்பது கணக்குப்பிள்ளை. இணையத்தில் அந்தக் கணக்குப்பிள்ளைதான் ரவுட்டர். டிவி, போன், ரெக்கார்டர் ஒவ்வொன்றுக்கும் 192.168 என்று தொடங்கும் அறை எண்ணை அவரே கொடுக்கிறார். அதே எண்கள் பக்கத்து வீட்டிலும் இருக்கும், பள்ளத்தூரிலும் இருக்கும். வாசலைத் தாண்டினால் அவற்றுக்கு அர்த்தமில்லை.

ஆரம்பத்தில் உங்கள் வீட்டுக்கென்று ஒரு கதவிலக்கம் இருந்திருக்கும். இரண்டு மாதத்துக்கு முன்னால் பிராட்பேண்ட் கம்பெனி அதை எடுத்துவிட்டுப் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே எண்ணைக் கொடுத்திருக்கும் என்பது என் ஊகம். வீட்டிலிருந்து வெளியே போகும் கடுதாசியைக் கம்பெனி தன் பேரேட்டில் குறித்துக்கொள்ளும். அதற்கு வரும் பதில் சரியாக வந்து சேரும். அதனால்தான் அப்பத்தாவுக்கு யூடியூப் ஓடுகிறது. நீங்கள் சிங்கப்பூரிலிருந்து முதலில் தட்டினால், எந்த வீட்டுக்கு என்று கம்பெனிக்குத் தெரியாது. அங்கேயே நின்றுபோகும்.

மாற்றியதை ஒரு குறுஞ்செய்தியிலாவது சொல்லலாம் அல்லவா? சொல்ல மாட்டார்கள். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வார்கள். புள்ளி வைத்த நான்கு எண்களாக முகவரி எழுதும் இந்தப் பழைய முறையில் (IPv4) உலகம் முழுமைக்கும் சுமார் 429 கோடி முகவரிதான். கையிருப்பின் கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரி 3 அன்றே பங்கு போட்டாகிவிட்டது. தீராத அளவுக்கு முகவரி தரும் புது முறையின் (IPv6) விவரம் 1998லேயே எழுதி முடித்தது. இன்னும் நாம் ஒட்டுக்குடித்தனம்தான்!

ஊகத்தைச் சோதித்துப் பார்த்துவிடலாம். தம்பி வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரௌசரில் போட்டு உள்ளே போகட்டும். 'வான் ஐபி' (WAN IP, ரவுட்டருக்கு வெளியிலிருந்து கிடைத்த எண்) என்ற இடத்தில் இருப்பதைக் குறித்துக்கொள்ளட்டும். அப்புறம் அதே போனில் கூகுளில் 'வாட் இஸ் மை ஐபி' என்று தேடட்டும். எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக வருவதை விட்டுவிடுங்கள். புள்ளி வைத்த நான்கு எண்கள்தான் வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் என் ஊகம் தப்பு. வேறு வேறாக இருந்தால் உங்களுக்குத் தனிக் கதவிலக்கம் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். '100 என்று ஆரம்பித்தாலே பல வீடுகளுக்குப் பங்கு போட்ட எண்' என்று சில டெக்னீஷியன்கள் அடித்துச் சொல்வார்கள். அப்படி இல்லை. 2012ல் இந்தப் பங்கு ஏற்பாட்டுக்கென்று ஒதுக்கியது 100.64 முதல் 100.127 வரை மட்டும். இரண்டாவது எண்ணைப் பாருங்கள். 100.72 என்றால் பங்கு எண். 100.127 என்றாலும் பங்குதான். 100.128 என்றால் அசல் எண். 100.20ம் அசல். அந்த இரண்டாவது எண்ணைப் பார்க்காமல் ஆறாயிரம் கேட்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

சரி, வழி? ரெக்கார்டரே முதலில் வெளியே தட்டட்டும். இப்போது வரும் ரெக்கார்டர்களில் பெரும்பாலும் இந்த வசதி உண்டு. தயாரித்த கம்பெனியின் சர்வரோடு அது தானே பேசிக்கொண்டிருக்கும், உங்கள் போனும் அங்கே போய்க் கேட்கும். முகவரியே வேண்டாம், சீரியல் எண் போதும். நெட்வொர்க் மெனுவில் பி2பி அல்லது கிளவுட் என்று இருப்பதை ஆன் செய்து, பெட்டியின் அடியில் உள்ள க்யூஆர் கோடைத் தம்பி படமெடுத்து அனுப்பினால், அந்தக் கம்பெனியின் செயலியில் நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலை. ஒரு ரூபாய் செலவில்லை.

அந்த ஸ்டிக்கர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் ரெக்கார்டர் இரும்புப் பெட்டி அறையில் இருந்தது. திருப்பிப் பார்த்தேன். நகத்தால் சுரண்டிய தடம், கொஞ்சம் பசை, அவ்வளவுதான். பாஸ்வேர்டும் போட்டவர் கையில். வீட்டுக்காரருக்குத் தன் வீட்டைப் பார்க்கவே அவரிடம் கேட்க வேண்டியிருந்தது. உங்களுக்கும் அப்படி ஆகியிருந்தால் மெனுவிலேயே அந்த க்யூஆர் கோடு கிடைக்கும். ஆனால் அதற்கு அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். பாக்கிப் பணம் ஏதாவது நிற்கிறது என்றால், பாஸ்வேர்டு வந்த பிறகு கொடுங்கள்.

பாஸ்வேர்டை உடனே மாற்றியும் விடுங்கள். 2016ல் மிராய் என்ற வைரஸ் கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது, கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான். ஸ்டாடிக் ஐபி வாங்கி, ரவுட்டரில் வாசலையும் திறந்து வைத்து, பாஸ்வேர்டு '12345' என்றால், பெரிய தேக்குக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாத கதை.

இன்னொன்று. அந்தச் சுண்ணாம்புச் சுவர் கனத்துக்கு வைஃபை தாண்டாது என்று வளவுக்கு இரண்டாவது ரவுட்டர் வைத்திருப்பார்களே, ரெக்கார்டர் அதில் மாட்டியிருக்கிறதா? அப்படியென்றால் தம்பி அந்த ரவுட்டரில் பார்த்த வான் ஐபி 192.168 என்றே இருக்கும். அது கம்பெனி கொடுத்ததல்ல, முகப்பு ரவுட்டர் கொடுத்தது. முகப்பு ரவுட்டரில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.